ஜப்பான்காரன் மேல் போட்ட பூ வழக்கு

கொழும்பில் ஒரு பூவுக்கு ஜப்பான் என்று பெயர். சிங்களத்தில் முழுப்பெயர் ஜப்பான் ஜபர. வெள்ளவத்தைக் கெனலில் இருக்கும், கிருலப்பனையில் இருக்கும், கொட்டாஞ்சேனையிலிருந்து கீழே இறங்கினால் சென் செபஸ்தியன் கால்வாயில் இருக்கும். தண்ணீர் எங்கே நகராமல் நின்று நாறுகிறதோ அங்கே பச்சை இலையும் ஊதாப் பூவுமாகக் குடியேறிவிடும். வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை, வெள்ளவத்தையில் வேறெந்த உயிருக்கும் கிடைக்காத சலுகை.

தமிழிலும் அதற்குப் பெயருக்குக் குறைவில்லை. கிழக்கு மாகாணத்தில் ஆற்றுவாழை என்பார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ஒருநாள் ஆகாயத்தாமரை என்று எழுதும், மறுநாள் வெங்காயத்தாமரை என்று எழுதும். அது வாழையும் இல்லை, தாமரையும் இல்லை, வெங்காயமும் இல்லை. ஆங்கிலேயர் ஹயசிந்த் என்றார்கள், அதுவும் இல்லை. மற்ற ஊர்க்காரர் செடியைப் பார்த்து வேறொரு செடியை நினைத்தார்கள். கொழும்புக்காரர் செடியைப் பார்த்து ஒரு நாட்டையே நினைத்தார்கள். இத்தனைக்கும் அதன் பிறந்த வீடு தென்னமெரிக்காவின் அமேசன் படுகை. ஜப்பானுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கிட்டப் போய் அந்தப் பூவைப் பார்த்தவர்கள் குறைவு. கிட்டப் போனால் மூக்கைப் பொத்த வேண்டும். பொத்திக்கொண்டு குனிந்தால், ஒரு தண்டில் பத்துப் பன்னிரண்டு பூ. ஒவ்வொன்றுக்கும் ஆறு இதழ், வெளிறிய கத்தரிப்பூ நிறம். ஐந்து இதழ் சும்மா இருக்கும். மேலே நிமிர்ந்து நிற்கிற ஆறாவது இதழில் மட்டும் கருநீலத் தீற்றலும் அதன் நடுவில் ஒரு மஞ்சள் பொட்டும். மயில் தோகையிலிருந்து ஒரு கண்ணை வெட்டி ஒட்டியது போல இருக்கும். இவ்வளவு அலங்காரமும் ஒன்றிரண்டு நாளுக்குத்தான். பிறகு தண்டு வளைந்து தலைகீழாகத் தண்ணீருக்குள் போய், விதையைச் சேற்றில் இறக்கிவிடும். அந்த விதை பதினைந்து வருடத்துக்கு மேலும் அங்கே முளைக்கும் தெம்போடு கிடக்கும். இலைக்காம்பு அடியில் உப்பிப் பளபளவென்று இருக்கும். விரலால் நசுக்கினால் 'டப்' என்று வெடிக்கும். உள்ளே காற்றும் பஞ்சும். கெனல் கரைப் பையன்களுக்கு அதுதான் காசில்லாத பட்டாசு.

விதையெல்லாம் அதற்கு இரண்டாம் பட்சம். பக்கவாட்டில் ஒரு கொடி ஓடும், அதன் நுனியில் ஒரு குட்டி, அந்தக் குட்டிக்கு ஒரு குட்டி. நல்ல சாக்கடைத் தண்ணீர் கிடைத்தால் இரண்டு கிழமைக்குள் இரட்டிப்பாகிவிடும். கொழும்பில் நல்ல சாக்கடைத் தண்ணீருக்கு என்றைக்குப் பஞ்சம் வந்தது?

இதற்கு ஏன் ஜப்பான் பெயர் என்று கேட்டால் இரண்டு பதில் உண்டு. வெள்ளவத்தைப் பதில், சைவக் கடையில் பிளேன்டீயோடு இருக்கிற பெரியவரிடம் கிடைக்கும்.

"தம்பி, அது யுத்த காலம். ஜப்பான்காரன் பிளேனிலை வாறான் எண்டு வெள்ளைக்காரனுக்குத் தகவல். என்ன செய்தான்? ரத்மலானைப் பக்கம், பெல்லன்வில, அத்திடிய, அந்தச் சதுப்பெல்லாம் இந்தச் செடியைக் கொண்டுவந்து பரப்பிவிட்டான். மேலை இருந்து பாத்தால் நல்ல புல்லுத்தரை. ஜப்பான்காரன் இறக்குவான், இறக்கினவன் பிளேனோடை தாழுவான். மூளை எண்டால் அதெல்லோ மூளை!"

வெள்ளைக்காரனின் மூளையைப் பற்றிக் கதைக்கும்போது வெள்ளவத்தைப் பெரியவர்களுக்கு ஒரு சொந்தப் பெருமை வரும். அந்த மூளைக்குப் பக்கத்து மேசையில் பாட்டனார் லிகிதராக இருந்திருப்பார்.

கொட்டாஞ்சேனைப் பதில் வேறு. "வெள்ளைக்காரனாவது மூளையாவது! ஜப்பான்காரன்தான் குண்டோட சேத்து இந்த விதையையும் வீசிட்டுப் போனான். குண்டு அன்னைக்கே வெடிச்சு முடிஞ்சுது. இது இன்னும் வெடிச்சிக்கிட்டே இருக்கு." துறைமுகத்துக்குப் பக்கத்து ஊர். 1942இல் குண்டுச் சத்தத்தை முதலில் கேட்டவர்களின் பேரன்மார். வெள்ளவத்தைக்காரர் போல ஆற அமர ரசிக்க அவர்களால் முடியாது.

இரண்டு கதையும் நல்ல கதை. நடந்ததைப் பார்ப்போம்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. முதல் நாள்தான் இலங்கைக்குத் தெற்கே கடலுக்கு மேல் ரோந்து போன கனடிய விமானி லெனர்ட் பேர்ச்சல், நகுமோ தளபதியின் கப்பற்படையைக் கண்டு கொழும்புக்குச் செய்தி அனுப்பினார். செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானத்தைச் சுட்டு விழுத்தி, ஆளையும் பிடித்துவிட்டார்கள். ஞாயிறு காலை நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் கொழும்பு வானத்தில். தலைமை தாங்கி வந்தவர் ஃபுச்சிதா மிட்சுவோ. நாலு மாதம் முன்பு பேர்ள் ஹார்பருக்குப் படை நடத்திப் போன அதே ஆள். (பிற்காலத்தில் இவர் கிறிஸ்தவராக மாறி ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். ஈஸ்டர் ஞாயிறு அவரை எப்படியோ விடவில்லை.) துறைமுகத்தில் கப்பல்கள் மூழ்கின, நகரத்தில் சனம் செத்தது, அதில் பகிடிக்கு இடமில்லை. பிறகு கொழும்பு காலியானது. வெள்ளவத்தைக்காரர் யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறினார்கள், இந்திய வியாபாரிகள் கடல் தாண்டினார்கள்.

வந்த விமானங்கள் தேடியது துறைமுகத்தையும் ரத்மலானைத் தளத்தையும். இறங்குவதற்குப் புல்தரை தேடவில்லை. கப்பலிலிருந்து எழும்பி வந்தவர்கள் கப்பலுக்கே திரும்பிப் போனார்கள். அப்படிப்பட்டவன் பெல்லன்விலவில் இறங்கி என்ன செய்யப் போகிறான், விகாரைக்குப் பூ வைக்கவா? சும்மா சொல்லக் கூடாது, ஒரு ஜப்பான் விமானம் பெல்லன்வில வயலில் விழுந்தது உண்மை. சுடுபட்டு விழுந்தது. ஆனால் கதை சொல்லத் தெரிந்தவருக்கு அந்த ஒரு விமானம் போதும். சூட்டை எடுத்துவிட்டுச் செடியை வைத்தால் முடிந்தது.

ஜப்பான்காரன் அன்றைக்கு ஏமாந்ததும் உண்மைதான். அவனை ஏமாற்றியது குதிரைப் பந்தயம். கறுவாத்தோட்டத்து ரேஸ்கோர்ஸ் மைதானத்தை வெள்ளைக்காரர் ஓசைப்படாமல் விமான ஓடுபாதையாக்கி வைத்திருந்தார்கள். அப்படியொரு தளம் இருப்பதே வந்தவர்களுக்குத் தெரியாது. அங்கிருந்து ஹரிகேன் விமானங்கள் எழும்பி வந்தன. கொழும்பு ரேஸில் இறக்கிய பணத்துக்கு ஒரு பிரயோசனம் கிடைத்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

இனி வருடத்துக்கு வருவோம், கதை படுத்துவிடுகிற இடம் அதுதான். இந்தச் செடியை ஒடுக்குவதற்கென்றே இலங்கைச் சட்டநிரூபண சபை ஒரு கட்டளைச் சட்டம் போட்டது. போட்ட வருடம் 1909. அப்போது ஃபுச்சிதா மிட்சுவோவுக்கு வயது ஆறு. விமானம் என்ற சாமானுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். 1909இல் சட்டம் போட்டு அழிக்கச் சொன்ன செடியை 1942இல் அதே அரசாங்கம் தேடிப் பிடித்து நட்டது என்றால் நம்பலாம், அரசாங்கங்கள் அதைவிடப் பெரிதெல்லாம் செய்திருக்கின்றன. ஆனால் செடியைக் கொண்டுவந்தது ஜப்பான் என்று சொல்ல வழியில்லை. அப்படியானால் கொண்டுவந்தது யார்?

ஹென்றி ஆர்தர் பிளேக் என்று ஓர் அயர்லாந்துக்காரர். பொலிஸ் உத்தியோகத்தில் தொடங்கியவர். பெரிய வீட்டுப் பெண்ணான எடித் ஒஸ்போர்னை அந்த வீட்டாருக்குப் பிடிக்காமல் கட்டியவர். பிறகு பேரரசு அவரைத் தீவு தீவாகத் தேசாதிபதியாக்கி அனுப்பியது. பஹாமாஸ், நியூஃபவுண்ட்லாந்து, ஜமெய்க்கா, ஹொங்கொங் என்று ஒரு சுற்று. நடுவில் 1888இல் குவீன்ஸ்லாந்துக்கு அனுப்பப் பார்த்தார்கள். அந்த ஊர்க்காரர் இந்த ஆள் வேண்டாம் என்று சண்டை பிடித்து நிறுத்திவிட்டார்கள். எங்களை யார் கேட்டார்கள்? 1903இல் மனைவி, பெட்டி படுக்கை சகிதம் கொழும்பில் இறங்கினார்.

எடித் அம்மா மாலைத் தேநீர் ஊற்றிக்கொண்டு சும்மா இருந்த தேசாதிபதி மனைவி இல்லை. கெட்டிக்காரி. தூரிகை எடுத்தால் பூவும் பூச்சியும் அச்சு அசலாக வரும். ஜமெய்க்காவில் அவர் வரைந்த வண்ணத்துப்பூச்சிப் படங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அழகான செடி ஒன்றைக் கண்டால் விடமாட்டார், அதுதான் கோளாறு. 1905 வாக்கில் ஹொங்கொங்கிலிருந்து இந்த ஊதாப் பூச்செடியை இலங்கைக்கு வரவழைத்தவர் அவர்தான் என்று தாவரவியல்காரர் எழுதி வைத்திருக்கிறார்கள். வேறு நோக்கம் ஒன்றும் இல்லை, அலங்காரம். தடாகத்தில் மிதக்கும், பூக்கும், விருந்துக்கு வருகிற துரைமார் நின்று பார்ப்பார்கள்.

எனக்கு அந்தத் தோட்டக்காரனைப் பற்றித்தான் அடிக்கடி யோசனை. எந்தக் கடதாசியிலும் இல்லாத ஆள், ஆனால் இருந்தே தீர வேண்டிய ஆள். முதல் மாதம் தடாகத்தில் நாலு செடி. இரண்டாம் மாதம் தண்ணீர் தெரியவில்லை. மூன்றாம் மாதம் மீன் தெரியவில்லை.

"லேடி, கூடிப்போச்சு."

"பாதியை எடுத்து அப்புறப்படுத்து."

எங்கே என்று அம்மா சொல்லவில்லை, தோட்டக்காரனும் கேட்கவில்லை. வேண்டாத சாமானை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று கொழும்பில் பிறந்தவனுக்கு ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? கெனல் இருக்கிறதே.

அந்தக் கெனல்கள் சாதாரணமானவை இல்லை. ஒல்லாந்தர் கறுவாவும் மற்றச் சரக்கும் வள்ளத்தில் ஏற்ற வெட்டியவை, பின்னால் வந்த இங்கிலீசுக்காரர் வெள்ளம் வடிய நீட்டியவை. ஒன்றோடொன்று கைகோத்து நகரத்தைச் சுற்றி வரும். வடக்கே கிளம்பினால் நீர்கொழும்பு தாண்டிப் புத்தளம் வரைக்கும் நீர்வழி. இரண்டு பேரரசுகள் செலவழித்து வெட்டி வைத்த பாதையில், ஒரு சதமும் கொடுக்காமல், ஊதாப் பூ ஊர்வலம் கிளம்பியது.

பிளேக் 1907இல் பெட்டி கட்டினார். இரண்டு வருடம் கழித்துச் சட்டம் வந்தது. செடியைக் கொண்டுவரவும் கூடாது, பரப்பவும் கூடாது. அந்தச் சட்டத்தின் முதல் வரைவைப் பிரதி பண்ணியவர் ஒரு யாழ்ப்பாணத்து லிகிதர் என்பது என் சொந்தக் கற்பனை, ஆனால் அந்தக் காலத்துக் கந்தோர்களைத் தெரிந்தவர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள். 'இச்செடி நாட்டினுள் பிரவேசித்தமைக்குக் காரணம்' என்று ஒரு பத்தி வேண்டுமென்று மேலே இருந்த துரை கேட்டிருந்தால் மனுஷன் பாடு திண்டாட்டம். 'முன்னாள் தேசாதிபதியவர்களின் பாரியார் ரசித்தமையால்' என்று எழுத முடியுமா? பென்ஷனுக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. வீட்டில் கலியாணம் கட்டாத பிள்ளைகள் இருக்கும். பேனையை மையில் தோய்த்தார், அந்தப் பத்தியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனார். அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. முப்பத்துமூன்று வருடம் கழித்து ஜப்பான்காரன் வானத்தில் வந்தபோது, வெறுமையாகக் கிடந்த இடத்தில் கொழும்புச் சனம் அவனுடைய பெயரை எழுதிவிட்டது.

பிளேக்குக்குப் பூ யோகமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹொங்கொங்கில் ஒரு மந்தாரை வகை மரம். அதற்கு 1908இல் தாவரவியலாளர் ஸ்டீவன் டன், தம்பதியின் செடி ஆர்வத்தை மெச்சி, பவ்ஹீனியா பிளேக்கியானா என்று பெயர் சூட்டினார். இன்று ஹொங்கொங்கின் கொடியில் இருக்கிற பூ அதுதான். அது கலப்பினம், விதை வைக்காது, மனிதன் கிளை வெட்டியும் ஒட்டுப் போட்டும் வளர்த்தால்தான் உண்டு. ஆக, பிளேக்கின் பெயரைச் சுமக்கிற பூவுக்குத் தானாகப் பெருகத் தெரியாது. பெயரைச் சுமக்காத பூவுக்குப் பெருகாமல் இருக்கத் தெரியாது.

ஓய்வு பெற்ற தம்பதி அயர்லாந்தில் யோல் என்ற ஊரில் மேர்ட்டில் க்ரோவ் என்கிற பழைய வீட்டில் போய் இருந்தார்கள். வோல்டர் ராலி இருந்த வீடு என்று அதற்குப் பெயர். அயர்லாந்தின் முதல் உருளைக்கிழங்கை ராலி நட்டது அந்தத் தோட்டத்தில்தான் என்பார்கள். அவர் புகையிலை குடித்ததைக் கண்ட வேலையாள், துரை எரிகிறார் என்று பதறி வாளித் தண்ணீரை மேலே ஊற்றியதும் அங்கேதான் என்பார்கள். செடிக்கதைகளில் ஊறிப்போன வீடு, பொருத்தமான ஆட்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது. 1918இல் பிளேக்கை அந்தத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். மலர்வளையம் அனுப்பக் கொழும்பு மாநகர சபை நினைத்திருந்தால் பூவுக்குத் தட்டுப்பாடு வந்திருக்காது.

எதிரியின் தலையில் செடியைக் கட்டுகிற புத்தி கொழும்புக்கு மட்டும் உரியதில்லை. வங்காளத்தில் இதே செடி நெல்வயலை மூடி, சணல் ஏற்றிய படகுகளை நகரவிடாமல் ஆக்கியபோது முதலாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அப்போதைய எதிரி ஜெர்மனி. ஆகவே வங்காளத்தைக் கெடுக்க ஜெர்மன்காரன் செய்த சதி என்று ஊர் பேசியது, 'ஜெர்மன் பானா' என்று பெயரும் வைத்தது. 1936இல் அங்கேயும் சட்டம். 1937 தேர்தலில் இந்தச் செடியை ஒழிப்போம் என்பது மேடைதோறும் வாக்குறுதி. ஃபஸ்லுல் ஹக் வென்று ஆட்சிக்கு வந்து உண்மையிலேயே ஊர்ச் சனத்தைத் திரட்டி அள்ள வைத்தார். வாக்குறுதி தந்துவிட்டுச் செய்தும் காட்டியவர் என்பதால் அவரைத் தனியாகச் சொல்கிறேன்.

சியாமில் கதை கொழும்புக் கதையின் அரச குடும்பப் பதிப்பு. சுலாலங்கோர்ன் ராஜா 1901இல் ஜாவா போனபோது கூடப் போன அரண்மனைப் பெண்கள் பூவில் மயங்கிக் கொண்டுவந்தது. அரண்மனைக் குளத்திலிருந்து வெள்ளத்தில் வெளியே வந்தது. 1913இல் சட்டம். செடியின் தாய்லாந்து மொழிப் பெயரில் 'ஜாவா' இருக்கிறது, ராணியார் இல்லை. அங்கேயும் பென்ஷனுக்குக் காத்திருந்த ஒரு லிகிதர் இருந்திருக்கிறார்.

அமெரிக்காவில்தான் எனக்குத் தலை சுற்றியது. 1884இல் நியூ ஓர்லியன்ஸில் ஒரு பெரிய பருத்திக் கண்காட்சி. அங்கே வந்தவர்களுக்கு இந்தச் செடியை இலவசமாகக் கையில் கொடுத்து அனுப்பியவர்கள் யார் என்று ஊர்க்கதை சொல்கிறது தெரியுமா? ஜப்பான்காரர். ஆதாரம் எங்கே என்று கேட்கிற சரித்திரக்காரர்களை அங்கேயும் யாரும் மதிப்பதில்லை. செடி லூசியானா ஆறுகளை அடைத்துக்கொண்டது. 1910இல் அந்த மாநிலத்து உறுப்பினர் ரொபர்ட் புரூசார்ட் காங்கிரசில் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானைகளை இறக்குமதி செய்வோம். நீர்யானை செடியைத் தின்னும், நாம் நீர்யானையைத் தின்போம், இறைச்சித் தட்டுப்பாடும் தீரும். கேட்ட தொகை 250,000 டொலர். பத்திரிகைகள் அந்த இறைச்சிக்கு 'ஏரிப்பசு பேக்கன்' என்று முன்கூட்டியே பெயரும் வைத்துவிட்டன. மசோதாவுக்குத் துணை நின்ற பேர்ன்ஹாமும் டுகேனும் போயர் யுத்தத்தில் ஒருவரையொருவர் கொல்லும்படி ஏவப்பட்ட பரம எதிரிகள். பழைய கணக்கை நீர்யானைக்காக ஒத்திவைத்தார்கள். (டுகேன் பிற்பாடு ஜெர்மனிக்கு உளவு பார்த்ததற்காக 1941இல் அமெரிக்காவில் பிடிபட்டார்.) மசோதா நிறைவேறவில்லை. எடித் அம்மா அப்போது கொழும்பில் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். இருந்திருந்தால் இன்றைக்கு வெள்ளவத்தைக் கெனல் ஓரத்து ஃபிளாட் விளம்பரங்களில் 'நீர்யானைக் காட்சியுடன்' என்று சேர்த்து, சதுர அடிக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றியிருப்பார்கள்.

பழி சுமந்த ஜப்பானில் இதை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? ஹொத்தேய்-அவோய். ஹொத்தேய் என்பது தொந்தியும் சிரிப்புமான அவர்களுடைய அதிர்ஷ்ட சாமி. உப்பிய இலைக்காம்பைப் பார்த்துச் சாமியின் தொந்தியை நினைத்திருக்கிறார்கள். கொழும்பில் தங்கள் பெயரைச் சொல்லித் திட்டுகிற செடிக்கு அவர்கள் ஊரில் பிள்ளையார் அந்தஸ்து.

வெள்ளவத்தைப் பெரியவரை முழுக்கத் தள்ளவும் முடியாது, அவர் கையில் கிடைத்தது பாதி உண்மை. கொழும்பு நீர்நிலைகளில் இன்னொரு மிதவை உண்டு, சல்வீனியா. சின்னச் சின்ன இலை, பூவே கிடையாது, பன்ன வகை. அது வந்தது 1939இல், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பகுதி மூலமாக. பாடம் நடத்த வந்த செடி பாடத்தை விட்டு வெளியே நழுவியது. யுத்தத்தில் ஜப்பான் விமானிகளின் கண்ணைக் கட்டத் தாழ்நிலத் தண்ணீரில் பட்டாளத்தார் பரப்பிவிட்டது இதைத்தான் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையானால் குற்றவாளி சல்வீனியா, பட்டப்பெயர் வாங்கியது ஊதாப் பூ. பூக்காத ஒன்றை யாருக்கு நினைவிருக்கும்? 1950களில் சல்வீனியா பல்லாயிரம் ஏக்கர் வயலை மூடி விவசாயிகளை அழவைத்தபோதும் அதற்கு ஒரு நாட்டுப் பெயர் கிடைக்கவில்லை. கேரளத்தில் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார்கள், அங்கே அது 'ஆப்பிரிக்கன் பாயல்'. அதுவும் பிரேசில் செடிதான்.

படித்தவர்களாவது பெயர் விஷயத்தில் ஒழுங்காக நடந்தார்களா என்றால், அவர்கள் பாமரரைவிட மோசம். ஜெர்மன் தாவரவியலாளர் மார்ட்டியஸ் 1820களில் பிரேசில் செடியை விவரித்து பொன்தேதேரியா கிராசிபெஸ் என்றார். கிராசிபெஸ் என்றால் தடித்த கால், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதற்பாதி, இத்தாலியில் படுவா நகரத்துப் பேராசிரியர் பொன்தேதேராவின் நினைவாக லின்னேயஸ் உண்டாக்கிய பெயர். அந்தப் பொன்தேதேரா, செடிகளை வகைப்படுத்த லின்னேயஸ் போட்ட முறையையே ஏற்க மறுத்த மனிதர். மறுத்தவரின் பெயரைத் தன் முறைக்குள்ளேயே அடைத்து வைத்தார் லின்னேயஸ். பழிவாங்கலா பெருந்தன்மையா என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை, எனக்குத் தெரிந்த சில வித்துவான்களை மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

1843இல் கார்ல் குந்த் என்கிற பெர்லின்காரர் குறுக்கே புகுந்தார். இது தனிப் பேரினம் என்று சொல்லி ஐக்ஹோர்னியா என்று பெயர் மாற்றினார். ஐக்ஹோர்ன் யார்? பிரஷ்யாவின் அப்போதைய கல்வி அமைச்சர். சேற்றில் இறங்கியவரா, செடியைக் கண்டவரா என்றெல்லாம் கேட்கக் கூடாது. பெர்லினில் பேராசிரியர், மேலே கல்வி அமைச்சர், இதற்குமேல் நம் நாட்டு வாசகருக்கு விளக்கம் தேவையில்லை. நூற்றியெழுபது வருடத்துக்கு மேல் அமைச்சரின் பெயர் உலகத்துச் சாக்கடையெல்லாம் மிதந்தது. 2018இல் வகைப்பாட்டை மறுபடி அலசியவர்கள், ஐக்ஹோர்னியா தனிப் பேரினம் இல்லை என்று சொல்லிச் செடியைத் திரும்பப் பொன்தேதேரியாவுக்குள் போட்டுவிட்டார்கள். அமைச்சருக்குப் பதவி போய்விட்டது.

முழுதாகப் போகவில்லை. இந்தச் செடியைத் தின்பதற்கென்றே தென்னமெரிக்காவில் ஒரு சின்னக் கூன்வண்டு இருக்கிறது. சட்டத்துக்கு அடங்காத செடியை அடக்க, 1988இல் இலங்கையிலும் அதைக் கொண்டுவந்து விட்டார்கள். இரவில் வெளியே வந்து இலையின் மேல்தோலைச் சுரண்டும், புழுக்கள் காம்பைக் குடைந்துகொண்டு உள்ளே போகும். அதன் பெயர் நியோகெட்டினா ஐக்ஹோர்னியே. செடியின் பெயரை மாற்றினார்கள், வண்டின் பெயரில் கைவைக்கவில்லை. கெனல் பக்கம் போகிறவர்கள் இலையில் சின்னச் சின்னதாக வெளிறிய சுரண்டல் தழும்புகளைக் கண்டால் ஜப்பான்காரனைச் சந்தேகிக்க வேண்டாம், பிரஷ்ய அமைச்சர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.